பின்னிணைப்பில் கிடக்கும் தமிழ்: பன்பண்பாட்டு உளவியலில் மாணவர் ஆய்வுகளை ஏற்பது குறித்து

உளவியல் துறையில் அளிக்கப்படும் ஆய்வேட்டின் பின்னிணைப்பைத் தமிழ்த்துறையினர் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கும். அட்டவணைகளும் புள்ளியியல் சோதனைகளும் நிறைந்திருக்கும். நூலகத்திலும் அது வேறோர் அடுக்கில் இருக்கும். ஆயினும் சென்னையிலோ அதன் தென்புறநகரிலோ களப்பணி செய்து எழுதப்பட்டதாயின், அதன் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் தமிழ் இருக்கும். மனநிலையை அளக்கும் வினாநிரலின் தமிழாக்கம், நேர்காணலில் கேட்கப்பட்ட கேள்விகள், சிலவற்றில் மக்கள் தந்த விடைகளின் ஓரிரு பகுதிகள் என அவை அமையும். ஓர் இளம் ஆய்வாளர் பல மாதங்கள் வீடுவீடாக நடந்து சேர்த்த தமிழ் அது. வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி ஒரு கேள்வி எழுவது அரிது. பட்டம் பெற்ற பின் ஆய்வாளரே அதை மறந்துவிடுகிறார்.

அந்தப் பின்னிணைப்பும் தமிழாய்வே என்பது என் கருத்து. பல பண்பாட்டினர் கலந்து வாழும் சூழலில் மனம் எவ்வாறு உணர்கிறது, உணர்ந்ததை எவ்வாறு சொல்கிறது என ஆராயும் துறையைப் பன்பண்பாட்டு உளவியல் என்கிறோம். அத்துறையில் நம் முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் செய்யும் பணியை மதிப்பிட்டு ஏற்கும் பொறுப்பு உளவியல் துறையோடு முடிவதன்று. சொல்லும் பொருளும் உறவு கொள்ளும் இடத்தில் அந்தப் பணியின் பெரும்பகுதி நிகழ்வதால், தமிழ்த்துறைக்கும் அதில் பங்குண்டு. அப்பங்கை நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

1908இல் ஓர் ஆய்வேடு

மாணவர் ஆய்வை ஏற்பது என்றவுடன் விருதும் பரிசுத்தொகையும் சான்றிதழும் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட ஏற்பு ஒன்று உண்டு. அதற்குச் சான்றாகும் நிகழ்வு தாம்பரத்தோடு தொடர்புடையது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்வதற்கு முன் ஜார்ஜ் டவுனில் இயங்கியது. அங்கு மெய்யியல் பயின்ற இருபது வயது மாணவர் ஒருவர் 1908இல் முதுகலைப் பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறவியல் குறித்து ஆய்வேடு எழுதினார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது அக்காலக் கிறித்தவ அறிஞர் பலரின் குற்றச்சாட்டு. அதற்கு விடையாகவே ஆய்வேடு அமைந்தது. எழுதியவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவருக்கு மெய்யியல் கற்பித்தவர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பேராசிரியர். சமயப் பணிக்காக வந்தவர். தம் ஆசிரியரின் சமய நிலைப்பாட்டுக்கு எதிராக வாதிடும் ஆய்வேடு அவரைப் புண்படுத்துமோ என அஞ்சியதாக இராதாகிருஷ்ணனே பின்னாளில் எழுதியுள்ளார். ஹாக் அதைப் பாராட்டிச் சான்றுரை வழங்கினார். ஆய்வேடு அவ்வாண்டே நூலாகவும் வெளிவந்தது.

செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடும் நாம், அதற்குரியவர் மாணவராக இருந்தபோது அவருடைய ஆய்வேட்டை ஓர் ஆசிரியர் எவ்வாறு படித்தார் என்பதை நினைவுகூர்வதில்லை. ஹாக் செய்தது எளிய செயலன்று. தம் பண்பாடு ஒரு மாணவரின் பார்வையில் எவ்வாறு தெரிகிறது என்பதைப் பொறுமையுடன் படித்தார். உடன்படாமலே அதன் தரத்தை ஏற்றார். இதே ஹாக் 1928 முதல் 1938 வரை அக்கல்லூரியின் முதல்வராக இருந்தார். தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது அவர் காலத்தில்தான். 1938 டிசம்பரில் அனைத்துலகச் சமயப்பணி மன்றத்தின் மாநாடு அவ்வளாகத்தில் கூடியது. பிற சமயத்தவரின் நம்பிக்கையை எவ்வாறு மதிப்பது என்னும் வினாவில் டச்சு அறிஞர் ஹென்றிக் கிரேமரின் கருத்தை ஹாக் அங்கு மறுத்துரைத்தார். சமயவியல் நூல்களில் ‘தாம்பரம்’ என்றாலே அந்த விவாதத்தைக் குறிக்கும். இரயில் நிலையத்தின் பெயராகவே அதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கலாம்.

அக்காலத்தில் உளவியல் தனித்துறையன்று. மெய்யியலின் ஒரு பகுதி. இராதாகிருஷ்ணன் மெய்யியலைத் தேர்ந்தமைக்கே உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த பாடநூல்கள் காரணம். அவற்றுள் ஒன்று ஸ்டவுட் எழுதிய உளவியல் நூல். 1912இல் அவரே உளவியலின் அடிப்படைகள் குறித்து ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்குத் தனித்துறை அமைந்தது 1916இல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அது 1943இல்தான் வந்தது. துறைகள் பிரிந்ததால் நுட்பம் வளர்ந்தது. ஆனால் ஒரு துறையின் மாணவர் எழுதியதை மற்றொரு துறையின் ஆசிரியர் படிக்கும் வழக்கம் அதன்பின் குறைந்துபோயிற்று.

தென்புறநகர் என்னும் களம்

பன்பண்பாட்டு உளவியல் என்றால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டம் என்னும் எண்ணம் நம்மிடையே உள்ளது. அத்துறையின் பெயரும் அமைப்புகளும் அங்கு வலுப்பெற்றன என்பது மெய். ஆனால் அதற்கான களம் பரங்கிமலையிலிருந்து வண்டலூர் வரையும், கிழக்கே கோவளம் வரையும் பரந்து கிடக்கிறது.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலோ இந்தியர் சில தலைமுறைகளாக வாழ்கின்றனர். தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் காசநோய்க்காக சௌரி முத்து தொடங்கிய மருத்துவ இல்லம் பின்னர் அரசு மருத்துவமனையாயிற்று, 1990களிலிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் அங்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்தனர். நோயோடு வந்த இழிவை எம்மொழியில் அவர்கள் சொன்னார்கள் என்பது ஓர் ஆய்வுப் பொருள். அதன் அருகிலேயே 1984இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்தில் பல மாவட்டத்துப் பெண்கள் பணிபுரிகின்றனர். கட்டடப் பணிகளிலும் உணவகங்களிலும் ஒடியாவும் வங்காளியும் இந்தியும் பேசும் இளைஞர்களைக் காண்கிறோம். கல்லூரி விடுதிகளில் வடகிழக்கு மாநில மாணவர்கள் தங்கிப் பயில்கின்றனர். செங்கற்பட்டு வட்டாரத்தில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில், கூவம் அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடிகளில் வாழ்கின்றன.

பெரும்பாக்கம் பற்றி ஒரு சொல். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகம் 2022 ஜனவரி 12இல் அங்குத் திறக்கப்பட்டது. தொல்காப்பியப் பதிப்புகளும் சங்க நூல் மொழிபெயர்ப்புகளும் உருவாகும் அந்நிறுவனமும், ஊரிழந்து வந்தோர் வாழும் குடியிருப்பும் ஒரே ஊரில் உள்ளன. இரண்டுக்கும் இடையே நடந்து செல்லும் ஆய்வு மாணவர் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் நடந்தால் அவரை நாம் எந்தத் துறையில் சேர்ப்போம் என்பதுதான் சிக்கல்.

தமிழ்த்துறைகளில் ‘உளவியல்’ என்னும் சொல் இல்லாமலில்லை. ‘இன்னார் புதினங்களில் உளவியல் சிந்தனைகள்’, ‘இன்ன இலக்கியத்தில் உளவியல்’ என்னும் தலைப்பு வாய்பாட்டை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். ஃபிராய்டின் கருத்துகளை ஓர் இயலில் தொகுத்து, அடுத்த இயலில் கதைமாந்தர் மேல் பொருத்திக் காட்டினால் அதை நாம் தமிழாய்வு என ஏற்கிறோம். அவ்வாய்வுகள் எல்லாம் பயனற்றவை என்பது என் கருத்தன்று. ஆனால் கதைமாந்தரின் மனத்தை ஏற்கும் துறை, பக்கத்துத் தெருவில் வாழும் மாந்தரின் மனத்தை அவர்கள் சொல்லாலேயே பதிவு செய்யும் ஆய்வை ‘இது நம் துறையன்று’ என ஒதுக்குவதற்கு என்ன நியாயம் உண்டு?

சொல்லில் நிகழும் ஆய்வு

ஒரு சூழலைக் கற்பனை செய்து கொள்வோம். உளவியல் முதுகலை மாணவி ஒருவர், குடியிருப்பு மாற்றப்பட்ட முதியோரின் மனநிலையை ஆராய்கிறார். ஆங்கிலத்தில் அமைந்த வினாநிரல் ஒன்றைத் தமிழாக்க வேண்டும். மொழிபெயர்த்து, அதை மற்றொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கச் செய்து, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ரிச்சர்டு பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய இந்த மீள்மொழிபெயர்ப்பு முறை இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

முதல் சொல்லிலேயே தடை எழும். நாளிதழ்களில் ‘மன அழுத்தம்’ என்னும் சொல் வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கும் வழங்குகிறது, மருத்துவர் நோயாகக் கருதும் நீடித்த சோர்வுக்கும் வழங்குகிறது. ‘மனச்சோர்வு’, ‘மனத்தளர்ச்சி’ என்பன நூல்வழக்கு. முதியவர் ஒருவரிடம் ‘கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார். அடுத்த நொடியே, ‘மனசே சரியில்ல, ஒரு மாதிரியா இருக்கு, நெஞ்ச அடைக்குது’ என்பார். வினாநிரலில் ‘இல்லை’ என்பதே பதிவாகும். மாணவி அந்த ‘ஒரு மாதிரி’யைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அதற்கு அட்டவணையில் இடமில்லை.

‘ஒரு மாதிரியா இருக்கு’ என்னும் தொடர் குறித்து நம் அகராதிகள் பெரிதாகச் சொல்வதில்லை. அது உடல்நிலையைக் குறிக்கும், சங்கடத்தைக் குறிக்கும், பெயரிட விரும்பாத துயரையும் குறிக்கும். பெயரிடாமல் விடுவதே அதன் பொருள் என்றும் சொல்லலாம். துயரைச் சொல்வதற்கு ஒவ்வொரு பண்பாடும் தனக்குரிய வழக்குகளை வைத்திருக்கிறது என்பதை மார்க் நிக்டர் 1981இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் களம் தென் கன்னட மாவட்டம். அக்கருத்து வளர்ந்து 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் நோயறி கையேட்டில் இடம்பெற்றது. தென்னிந்தியக் களத்திலிருந்து எழுந்த கருத்து உலகைச் சுற்றி, இறக்குமதிக் கோட்பாடாக நம் வகுப்பறைக்குத் திரும்பியிருக்கிறது.

இனி நம்மிடம் உள்ளதைப் பார்ப்போம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அவற்றுள் இளிவரலை எடுத்துக்கொள்வோம். முதுமை, நோய், வருத்தம், மென்மை ஆகியவை அதன் நிலைக்களன்கள். மென்மை என்பதற்கு வறுமை எனப் பொருள் கொண்ட உரைமரபும் உண்டு. ஆங்கில வழி உளவியலில் நாணம் அல்லது அவமானம் எனப்படும் உணர்ச்சி பெரும்பாலும் தான் செய்த தவறோடும் பிறர் கண்ணில் தன் குறை தெரிவதோடும் இணைத்து விளக்கப்படுகிறது. இளிவரலின் நான்கு களன்களுள் ஒன்றேனும் தவறு பற்றியதன்று. மூப்பு வந்தது, நோய் வந்தது, துன்பம் வந்தது, கையில் ஒன்றுமில்லை. அதனால் மனிதர் தம்மைத் தாழ்வாக உணர்கிறார்.

இதைப் பெரும்பாக்கத்து முதியவரின் ‘கேவலமா இருக்கும்மா’ என்னும் சொல்லோடு வைத்துப் பாருங்கள். வினாநிரலில் அச்சொல் எந்தக் கட்டத்திலும் பொருந்தாது. குற்றவுணர்வு பற்றிய வினாவுக்கு அவர் ‘நான் என்ன தப்புப் பண்ணேன்’ என்றுதான் விடை சொல்வார். இளிவரல் என்னும் கருத்தாக்கத்தை அறிந்த ஒருவர் அங்கு இருந்திருந்தால் வினாவையே மாற்றி அமைத்திருப்பார். உளவியல் மாணவிக்கு மெய்ப்பாட்டியல் தெரியாது. மெய்ப்பாட்டியலில் முனைவர் பட்டம் பெறும் நம் மாணவருக்குப் பெரும்பாக்கம் தெரியாது. இருவரும் ஒரே பேருந்தில் பயணம் செய்பவராகவும் இருக்கலாம்.

இதனால் தொல்காப்பியரே உலகின் முதல் உளவியலறிஞர் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வகை முழக்கங்கள் ஆய்வைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுகின்றன. மெய்ப்பாடு செய்யுளுக்குரிய உறுப்பு. அதை நேரே மருத்துவ அளவையாக்க இயலாது. ஆயினும், உணர்ச்சிகளை வேறொரு வகையில் பகுக்கலாம் என்பதற்கு அது சான்று. எந்தப் பகுப்பு இன்றைய பேச்சுக்கு நெருங்கி நிற்கிறது என்பதைக் களத்தில்தான் சோதிக்க வேண்டும். அச்சோதனையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள், தாம் செய்வது இன்னதென அறியாமலே, மாணவர்கள்.

ஈழத் தமிழ் இதில் நமக்கு முன்னால் நிற்கிறது. போரும் இடப்பெயர்வும் அங்கு உளநலப் பணியைத் தமிழிலேயே செய்தாக வேண்டிய நிலையை உண்டாக்கின. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளவியல் விளைவுகளைத் தனிமனிதரிடம் மட்டுமன்றிச் சமூகம் முழுவதிலும் கண்டு எழுதினார். தமிழகத்தில் ‘அதிர்ச்சி’ என்று பொதுவாகச் சொல்லிக் கடப்பதை அங்கு ‘மனவடு’ என்றனர். அதிர்ச்சி அந்நேரத்தது, வடு பின்னரும் கிடப்பது. ‘உளவளத்துணை’ என்பதும் அங்கு வேரூன்றிய சொல். ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொல் இரு நாட்டிலும் வழங்குகிறது. இதைப் பயன்படுத்தும் பணியாளர் பலர் ‘ஆறுதல்’ என்னும் பொருளில் கொள்கின்றனர். நாமோ ஆற்றுப்படை நூல்களை நினைக்கிறோம்; பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்பட்டவனுக்கு வழி சொல்லும் இலக்கியம் அது. முன்பே அவ்வழியில் நடந்தவர் நடக்க இருப்பவருக்கு வழிகாட்டுவதற்கும், அறியாத ஒருவர் தேற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. எப்பொருளில் அச்சொல் இன்று பணியிடங்களில் இயங்குகிறது என்பது ஒரு முதுகலை மாணவர் ஆறு மாதத்தில் செய்து முடிக்கத்தக்க அருமையான ஆய்வு. செய்தால் அதை வெளியிடும் இதழ் எது?

ஏற்கப்பட்ட சில

மாணவர் ஆய்வு என்பது பயிற்சிதானே, அதற்கு ஏன் இத்தனை சிறப்பு என வினவலாம். வாலண்டைன் டேனியல் 1984இல் வெளியிட்ட ‘நீர்மக் குறிகள்’ எனப் பெயர்க்கத்தக்க ஆங்கில நூலைச் சான்று காட்டுவேன். தமிழராய் இருக்கும் வழி என்பது அதன் துணைத்தலைப்பு. இலங்கையில் பிறந்த அவர் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த களப்பணியே அதன் அடிப்படை. திருச்சிராப்பள்ளிப் பகுதியின் ஒரு சிற்றூரில் இருந்து, ‘ஊர்’ என்னும் சொல் அரசின் எல்லைக்கோட்டால் வரையறுக்கப்படும் ‘கிராமம்’ என்பதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது, மண்ணின் குணம் மனிதரின் குணத்தில் கலக்கிறது என்னும் நம்பிக்கை எவ்வாறு இயங்குகிறது என்பவற்றை எழுதினார். இன்று பண்பாட்டு மானிடவியலிலும் உளவியலிலும் ‘தன்’ என்னும் கருத்தாக்கம் பற்றிப் பேசுவோர் அந்நூலைக் கடந்து செல்ல இயலாது. ஒரு மாணவரின் குறிப்பேட்டில் எழுதப்பட்ட தமிழ்ச் சொற்கள்தாம் அதற்கு முதற்பொருள்.

அனைத்துலகப் பண்பாட்டிடை உளவியல் சங்கம் 1972இல் தோன்றியது. சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கென அது ஹாரி, போலா டிரையாண்டிஸ் பெயரில் விருது வழங்குகிறது. நம் பக்கத்தில் செம்மொழி நிறுவனம் வழியாகக் குடியரசுத் தலைவர் வழங்கும் இளம் அறிஞர் விருது உள்ளது. அது பட்டம் பெற்று நிலைபெற்றோர்க்கு உரியது. செவ்வியல் தமிழாய்வுக்கு உரியது. படித்துக்கொண்டிருப்பவர், அதிலும் வாழும் தமிழை மனத்தின் வழியே ஆராய்பவர், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் நிற்கிறார்.

இப்போது ஏன் என்றால்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைப் பொதுவில் வைக்கச் செய்தன; ஷோத்கங்கா என்னும் மின்களஞ்சியம் அதனால் வளர்ந்தது. முதுகலைத் திட்ட ஆய்வேடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. துறை அலமாரியில் சில ஆண்டுகள் இருந்து பின் இடமின்மையால் அகற்றப்படுவதே அவற்றின் முடிவு. 2022 நவம்பரில் வந்த விதிகள் இரண்டு மாற்றங்களைக் கொணர்ந்தன. எம்.ஃபில். பட்டம் கைவிடப்பட்டது, மருத்துவ உளவியலுக்கும் உளமருத்துவச் சமூகப்பணிக்கும் மட்டும் பின்னர்க் கால நீட்டிப்புக் கிடைத்தது. ஆய்வேடு அளிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்னும் கட்டாயமும் நீங்கியது.

இரண்டாவது மாற்றத்தை நான் வரவேற்கிறேன். கட்டாயம் இருந்த காலத்தில் பணம் பெற்றுக் கட்டுரை வெளியிடும் இதழ்கள் பெருகியதை நாம் அனைவரும் கண்டோம். கட்டாயம் நீங்கியதால் இனி மாணவர் எழுதுவது அவர் விருப்பத்தால் எழுதுவதாக இருக்கும். ஆனால் எம்.ஃபில். நீங்கியதன் விளைவு வேறு. ஒரு சிறு களத்தை, ஒரு சொற்குழுவை, ஒரு குடியிருப்பை ஓராண்டில் ஆராய்ந்து முடிக்க அதுவே இடம் தந்தது. அவ்வளவிலான ஆய்வுக்கு இனி முதுகலைத் திட்ட ஆய்வேடுதான் எஞ்சியுள்ளது. அதையும் ஒருவரும் படிப்பதில்லை என்றால் அந்த அளவிலான ஆய்வே மறைந்துபோகும்.

எனவே தமிழ்த்துறை இதழ்கள் ‘களச்சொற்குறிப்பு’ என்னும் ஒரு பகுதியைத் தொடங்க வேண்டும் என முன்மொழிகிறேன். நான்கு பக்கம் போதும். மனநிலை பற்றிய ஒரு சொல் அல்லது தொடர். அது எங்கு, எந்த வயதினரிடம், எச்சூழலில் கேட்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் எந்தெந்தச் சொற்களை முயன்று விட்டோம், ஏன் விட்டோம். இலக்கிய வழக்கிலோ அகராதியிலோ அதன் நிலை என்ன. உளவியல் மாணவர் முதல் மூன்றையும் எழுதுவார். நான்காவதற்கு ஒரு தமிழ் மாணவர் துணை நிற்பார். இருவர் பெயரும் கட்டுரையில் இருக்கும். நெறியாளர் பெயர் முதலில் வரவேண்டும் என்னும் எழுதாச் சட்டம் இப்பகுதியில் செல்லாது. விட்டுவிட்ட சொற்களின் பட்டியல்தான் இதில் அரியது. நிறைவு பெற்ற வினாநிரலில் அது தெரிவதே இல்லை.

உளவியலார் இதற்குத் தடை சொல்வர். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நேர்காணல் தந்தவர் தம் துயரை ஆய்வாளரை நம்பிச் சொன்னார். அப்பதிவுகளைத் தமிழ்த்துறையிடம் கொடுப்பது அந்நம்பிக்கையை மீறுவதாகும். ஒரு சிறு குடியிருப்பில் வயதும் தொழிலும் சொன்னாலே ஆளை அடையாளம் காணலாம். இருளர் குடியிருப்பு போன்ற சில வீடுகளே உள்ள இடங்களில் இந்த இடர் இன்னும் மிகுதி. ஆகவே நேர்காணலின் முழுப் பதிவை எவரும் கேட்கக் கூடாது. சொல் போதும், சொன்னவர் யாரென்பது வேண்டாம். வினாநிரல்கள் பலவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதும் உண்மையே. முழு நிரலையும் அச்சிட வேண்டியதில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்த காரணத்தை எழுத எவருடைய இசைவும் வேண்டியதில்லை.

நம் பக்கத்திலிருந்து எழும் தடை வேறு. ‘பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுப்பது ஆய்வாகுமா’ என்பர். வட்டார வழக்கு அகராதிகளும் நாட்டுப்புறவியலும் வேரூன்றிய பின்னரும் இவ்வினா எழுவது வியப்பே. மற்றொரு தடை நுட்பமானது: பன்பண்பாடு என்றால் தமிழ் அல்லாதாரும் அடங்குவரே, ஒடியா பேசும் கட்டடத் தொழிலாளியின் மனநிலையைத் தமிழ் இதழ் ஏன் வெளியிட வேண்டும்? அவர் தாம்பரத்துக்கு வந்து முதலில் கற்கும் தமிழ்ச் சொற்கள் எவை, எச்சொல்லால் தாம் விலக்கப்படுவதாக உணர்கிறார், மணிப்பூர் மாணவி ஒருவருக்கு நம் தெருவில் எந்த அழைப்பு வலிக்கிறது என்பவையும் தமிழ் பற்றிய செய்திகளே. தமிழைக் கேட்பவரின் மனமும் தமிழாய்வுக்குள் வரும். இங்குப் பெரும்பான்மையாக இருப்பது நாம். அந்த நிலையில் நின்று நம்மைப் பார்க்க நாம் பழகவில்லை. ஹாக்கின் மேசைக்கு வந்த ஆய்வேட்டைப் போல, நமக்கு இனிமை தராத ஆய்வுகள் இப்பகுதிக்கு வரக்கூடும்.

மற்றொன்று உடனே செய்யத்தக்கது. தமிழில் களப்பணி செய்த உளவியல் ஆய்வேடுகளுக்கு, தேர்வாளர் குழுவில் வாக்கின்றி ஆலோசனை கூறும் ஒருவராகவேனும் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் இருக்கலாம். விதிகளைத் திருத்தத் தேவையில்லை. வாய்மொழித் தேர்வு பொதுத் தேர்வாகவே நடைபெறுகிறது, எவரும் சென்று அமரலாம். துறைக்கு அறிவிப்பு வரும்போது அதை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு நகராமல் ஒருவர் செல்ல வேண்டும். புள்ளியியல் பற்றிய வினாக்களை உளவியலார் கேட்டு முடிக்கட்டும். பிறகு பின்னிணைப்பைத் திறந்து, எட்டாம் வினாவில் ‘வெறுமை’ என்று எழுதியுள்ளீர்களே, அச்சொல் உங்களுடையதா, களத்தில் யாரேனும் சொன்னதா என்று கேட்கலாம்.